தலைவர்கள் சொல்வதை எதில் உரசிப் பார்ப்பது?

கரிசல்காடு எழுதியது:

மேடையில் ஒரு பேச்சு, பேட்டியில் ஒரு பேச்சு, அவையில் ஒரு பேச்சு. எடுத்துக் காட்டினால் "திரித்துவிட்டார்கள்" என்று ஒரே வரியில் முடித்துக்கொள்கிறார்கள். இரவு எட்டு மணிக்கு டிவியைப் போட்டால் ஆறு பேர் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். ஒரு மணி நேரம் போன பிறகும் எது உண்மை என்று தெரிவதில்லை.

மக்களுக்குக் கோபம் இருக்கிறது, நியாயமான கோபம். ஆனால் அது "எல்லாரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்" என்பதோடு அடங்கிவிடுகிறது. அப்படிச் சொன்ன நிமிஷமே, கொஞ்சம் பொய் சொன்னவருக்கும் வண்டி வண்டியாகச் சொன்னவருக்கும் ஒரே மார்க் போட்டுவிடுகிறோம். அதில் லாபம் இரண்டாமவருக்குத்தான்.

தயவுசெய்து இங்கே கட்சிச் சண்டை வேண்டாம். ஒரு தலைவர் ஒன்றைச் சொன்னால் அதை எந்த ஆவணத்தில், எந்தச் சட்டப் பிரிவில் உரசிப் பார்ப்பது? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

ஏட்டுக்கணக்கு எழுதியது:

பணத்திலிருந்து தொடங்குகிறேன். மேடைப் பொய்களில் பெரும்பங்கு "இத்தனை கோடி" என்ற வடிவத்தில்தான் வருகிறது.

பட்ஜெட் புத்தகத்தில் எந்தத் துறையை எடுத்தாலும் ஒரே தலைப்பின் கீழ் நான்கு எண்கள் இருக்கும். 2025-26 பட்ஜெட் என்றால் முதலில் 2023-24 கணக்கு, அதாவது உண்மையில் செலவானது. பிறகு 2024-25 மதிப்பீடு, 2024-25 திருத்திய மதிப்பீடு, கடைசியாக 2025-26 மதிப்பீடு. மேடையில் நடக்கும் வேலை என்னவென்றால், தன் ஆட்சிக்கு மதிப்பீட்டை எடுத்துக்கொண்டு எதிரி ஆட்சிக்குக் கணக்கை எடுத்துக்கொள்வது. மதிப்பீடு என்பது செய்ய நினைப்பது, கணக்கு என்பது செய்து முடித்தது. இரண்டும் ஒரு தராசில் ஏறாது. ஒப்பிட்டால் மதிப்பீட்டோடு மதிப்பீடு, கணக்கோடு கணக்கு. ஆக, இந்த ஆண்டு அறிவித்த தொகை செலவானதா என்பதைப் பட்ஜெட் புத்தகத்தில் பார்க்க இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டும். அந்த இரண்டு ஆண்டு இடைவெளியில்தான் பொய் சௌகரியமாக உலவுகிறது.

இடைவெளியைக் குறைக்க வழி உண்டு. இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவர் (சிஏஜி) தளத்தில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் மாதாந்திரக் கணக்கின் முக்கியக் குறியீடுகள் வருகின்றன. தணிக்கை ஆகாத எண்கள்தான். ஆனாலும் வருவாய், செலவு, வாங்கிய கடன் மூன்றும் அந்த மாதம் வரை எங்கே நிற்கின்றன என்று தெரியும். ஆண்டு முடிந்த பிறகு வரும் நிதி ஒதுக்கீட்டுக் கணக்குகளில் "சேமிப்பு", "ஒப்படைப்பு" என்ற சொற்களைத் தேடுங்கள். பெயரைப் பார்த்தால் நல்ல காரியம் போல இருக்கும். அவையில் வாக்கெடுத்து ஒதுக்கிய பணத்தைத் துறை செலவழிக்கவில்லை, நிதியாண்டு முடியும் தறுவாயில் திருப்பிக் கொடுத்தது என்பதுதான் பொருள்.

"வரலாறு காணாத ஒதுக்கீடு" என்ற சொல்லுக்கும் ஒரு வார்த்தை. விலைவாசி ஏறிக்கொண்டே இருக்கும்போது ஏறக்குறைய எல்லா ஆண்டு ஒதுக்கீடும் வரலாறு காணாததுதான். 100 கோடி 105 கோடியாகி, விலைவாசி 6 சதவீதம் ஏறியிருந்தால் அந்தத் துறைக்குக் கிடைத்தது முன்பைவிடக் குறைவு. மொத்தச் செலவில் அந்தத் துறையின் பங்கு எத்தனை சதவீதம், போன ஆண்டு எத்தனை, இதைக் கேளுங்கள்.

கடனும் அப்படித்தான். ஆள்பவர் கடனை மாநில உற்பத்தி மதிப்பின் சதவீதமாகச் சொல்வார், எதிர்க்கட்சி லட்சம் கோடிகளில் சொல்லும். அடுத்த தேர்தலில் இருவரும் இடம் மாறினால் எண்களும் இடம் மாறும். ஒரே ஆள் எதிர்க்கட்சியில் இருந்தபோது எந்த அளவுகோலை வைத்தார் என்று பழைய அவைப் பேச்சில் பார்த்தால் போதும்.

தராசுமுள் எழுதியது:

ஏட்டுக்கணக்கு சொன்னதோடு பணிகளையும் சேர்க்க வேண்டும். "பாலம் கொண்டுவந்தோம்", "கல்லூரி தந்தோம்" என்பதில் வினைச்சொல்லைக் கவனியுங்கள். அறிவிப்பு, அரசாணையுடன் நிர்வாக ஒப்புதல், தொழில்நுட்ப ஒப்புதல், ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை, பணி நிறைவு, பயன்பாடு. ஏழு படி. முதல் படியில் நின்றுகொண்டு ஏழாம் படியின் வினைச்சொல்லைப் போடுவார்கள். "செய்துவிட்டோம்" என்று கேட்டதும் "அரசாணை எண் என்ன, தேதி என்ன, பணி ஆணை வந்ததா" என்று கேட்டால் நான்கில் மூன்று பேச்சு அங்கேயே நின்றுவிடும். தமிழ்நாட்டில் துறைவாரியாக மானியக் கோரிக்கையின்போது, அதாவது துறைச் செலவுக்கு அவையின் ஒப்புதல் கேட்கும்போது, வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பு தமிழிலேயே அரசுத் தளத்தில் கிடைக்கிறது. இரண்டு ஆண்டுக் குறிப்பைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். போன ஆண்டு "தொடங்கப்படும்" என்றிருந்தது இந்த ஆண்டு "நடைபெற்று வருகிறது" என்றாகியிருக்கிறதா, சத்தமில்லாமல் காணாமல் போயிருக்கிறதா?

முதலீட்டு எண்கள் தனி ரகம். தமிழ்நாட்டின் உலக முதலீட்டாளர் மாநாடுகளில் 2015இல் சுமார் 2.42 லட்சம் கோடி, 2019இல் சுமார் 3 லட்சம் கோடி, 2024இல் சுமார் 6.64 லட்சம் கோடி ரூபாய்க்கு முதலீடு என்று அறிவித்தார்கள். இரண்டு கழக ஆட்சிகளிலும் நடந்தவை என்பதால் உதாரணத்துக்கு எடுக்கிறேன். இவற்றில் பெரும்பாலானவை புரிந்துணர்வு ஒப்பந்தங்கள். அதில் கையெழுத்துப் போட்டவரை எந்த நீதிமன்றமும் "ஏன் பணம் போடவில்லை" என்று கேட்காது. ஆகவே இதை முதலீடு என்று சொல்வதும் தவறு, எல்லாமே ஏமாற்று என்று சொல்வதும் தவறு. நிலம் ஒதுக்கிய ஆணை இருக்கிறதா, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நிறுவுவதற்கு இசைவாணை கொடுத்ததா, பிறகு இயக்குவதற்கு இசைவாணை கொடுத்ததா? பெரும்பாலான ஆலைகளுக்கு இந்தக் காகிதங்கள் தனித்தனியாக இருக்கும். வேலைவாய்ப்பு எண்ணில் நேரடி எத்தனை, மறைமுகம் எத்தனை என்று பிரிக்கச் சொல்லுங்கள்.

நெய்தல் எழுதியது:

நண்பர்கள் கோபிக்க வேண்டாம், எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. கொள்கை விளக்கக் குறிப்பு, பட்ஜெட் புத்தகம், அரசாணை எல்லாமே அரசு எழுதியவை. திருடன் கையில் சாவியைக் கொடுத்து அவனிடமே கணக்குக் கேட்பது போல இருக்கிறது.

ஏட்டுக்கணக்கு எழுதியது:

நெய்தல், பாதி சரி. அதனால்தான் ஒரே ஆவணத்தை நம்பக் கூடாது என்கிறோம். சிஏஜி அரசியலமைப்பின் 148ஆம் பிரிவில் நிற்கும் பதவி. அந்த அறிக்கை 151ஆம் பிரிவின்படி அவையில் வைக்கப்பட்டாக வேண்டும். கோளாறு எங்கே என்றால், எத்தனை நாளுக்குள் வைக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. சங்கடமான அறிக்கை கூட்டத்தொடரின் கடைசி நாளில் மேசைக்கு வந்தால் விவாதிக்க ஆளே இருக்காது. அறிக்கையில் கையெழுத்தான தேதியையும் அவையில் வைத்த தேதியையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அந்த இடைவெளியே ஒரு செய்தி.

இன்னொன்று. அரசு தன் ஆவணத்தில் பொய் எழுதுவதைவிட, ஆவணத்தில் உண்மையை எழுதிவிட்டு மேடையில் வேறு சொல்வதுதான் அதிகம். ஆவணத்தில் எழுதினால் அதிகாரியின் கையெழுத்து இருக்கிறது. மேடைக்குக் கையெழுத்து இல்லை.

அவைக்குறிப்பு எழுதியது:

விவாதத்தின் தரம் பற்றிக் கரிசல்காடு கேட்டார். டிவிக்கு முன்னால் அவையைப் பாருங்கள், நோய் அங்கேதான் ஆரம்பம்.

முதல் மக்களவை ஐந்தாண்டில் 677 நாள் கூடியது. 2019–24இல் இருந்த 17ஆவது மக்களவை 274 நாள் கூடியது. அரசியலமைப்புச் செயல்பாட்டை ஆராய்ந்த தேசிய ஆணையம் 2002இல் மக்களவை ஆண்டுக்குக் குறைந்தது 120 நாள் கூட வேண்டும் என்றது. 17ஆவது மக்களவை அதில் பாதியைக்கூட எட்டவில்லை. 15ஆவது மக்களவையில் சுமார் 71 சதவீத மசோதாக்கள் நிலைக்குழு போன்ற குழுக்களுக்குப் போயின, 17ஆவதில் சுமார் 16 சதவீதம். ஐந்தாண்டும் துணை சபாநாயகரே இல்லாமல் ஓடியது அந்த அவை. குழுவில் கேமரா கிடையாது, அதனால் நடிப்பு குறைவு. அதிகாரிகளை, துறை வல்லுநர்களைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். அந்த இடம் சுருங்கினால் மிச்சம் இருப்பது கூச்சல்தான்.

குரல் வாக்கெடுப்பு இன்னொரு ஓட்டை. 2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் வேளாண் மசோதாக்கள் குரல் வாக்கில் நிறைவேறின. எதிர்க்கட்சிகள் எண்ணிக்கை வாக்கெடுப்பு கேட்டும் நடக்கவில்லை. விளைவு, எந்த உறுப்பினர் எப்படி வாக்களித்தார் என்று பெயர்வாரியான பதிவே இல்லை. பிறகு தொகுதிக்கு வந்து யார் என்ன சொன்னாலும் மறுத்துக் காட்ட முடியாது. சட்டமன்றத்தில் விதி 110 அறிக்கையும் அந்த வகை. அமைச்சர் படிப்பார், அதன் மேல் விவாதம் கிடையாது. எத்தனை அறிவிப்பு அந்த விதியின்கீழ் வந்தது என்று எண்ணினாலே ஒரு ஆட்சி விவாதத்தை எவ்வளவு மதித்தது என்பது தெரியும்.

பொய்க்கு அவைக்குள் மருந்து இல்லாமல் இல்லை. மக்களவையில் சபாநாயகரின் வழிகாட்டல் 115 என்று ஒன்று உண்டு. ஒரு அமைச்சரோ உறுப்பினரோ தவறான தகவல் சொன்னால், இன்னொரு உறுப்பினர் விவரத்தையும் சான்றையும் வைத்து சபாநாயகருக்கு எழுதித் திருத்தம் கோரலாம். உரிமை மீறல் தீர்மானம் இதைவிடக் கனமான ஆயுதம், ஆனால் "வேண்டுமென்றே தவறாக வழிநடத்தினார்" என்று காட்ட வேண்டும். அந்த "வேண்டுமென்றே"வில்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும்.

எனக்குப் பிடித்தது அரசு உறுதிமொழிக் குழு. நாடாளுமன்றத்திலும் உண்டு, சட்டமன்றத்திலும் உண்டு. "பரிசீலனையில் இருக்கிறது" என்று அமைச்சர் சொன்னால் நாம் சலித்துக்கொள்கிறோம். மக்களவைக் குழுவின் நடைமுறையில் அந்தத் தொடரே ஒரு உறுதிமொழியாகக் கணக்கில் ஏறும், மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும், முடியாவிட்டால் அவகாசம் கேட்க வேண்டும். உங்கள் தொகுதி விஷயத்தில் அமைச்சர் அப்படி ஒரு பதில் சொல்லியிருந்தால், கேள்வி எண், தேதியோடு குழுவில் இருக்கும் உறுப்பினருக்கு எழுதுங்கள்.

வடகாற்று எழுதியது:

அவைக்குறிப்பு சொல்வது சரி, ஆனால் அவர் வேரைத் தொடவில்லை. 1985இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டம், அதாவது பத்தாவது அட்டவணை, பத்தி 2(1)(ஆ). கொறடா உத்தரவுக்கு மாறாக வாக்களித்தாலோ வராமல் இருந்தாலோ, கட்சி 15 நாளுக்குள் மன்னிக்காவிட்டால் பதவி போகலாம். முடிவு முன்பே எழுதப்பட்டிருக்கும்போது உறுப்பினர் எதற்கு மசோதாவைப் படிக்க வேண்டும்? யாரை நம்ப வைக்கப் பேச வேண்டும்? தலைவருக்குக் கேட்கும்படி பேசினால் போதும். அவைப் பேச்சில் பாதி நேரம் தலைவர் புகழ்ச்சியில் போவதற்கு இதுதான் காரணம். 1990இலேயே தேர்தல் சீர்திருத்தம் பற்றி ஆராய்ந்த தினேஷ் கோஸ்வாமி குழு, இந்தத் தகுதியிழப்பை நம்பிக்கை, நம்பிக்கையில்லாத் தீர்மானங்கள் அளவில் நிறுத்தச் சொன்னது. எந்தக் கட்சியும் செய்யவில்லை.

தாவுகிறவர்களையாவது இந்தச் சட்டம் நிறுத்தியதா? தீர்ப்பு சொல்பவர் சபாநாயகர், அவர் ஆளும் கட்சிக்காரர். மனுவை ஆண்டுக்கணக்கில் கையில் வைத்திருப்பார். சாதாரணமாக மூன்று மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று 2020இல் மணிப்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும் இழுத்தடிப்பு நிற்கவில்லை.

அவைக்குறிப்பு எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். ஒரு திருத்தம் மட்டும். கொறடா வாக்கைத்தான் கட்டுகிறார், கேள்வி நேரத்தைக் கட்டவில்லை. மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்ட 20 கேள்விகள், குறியிடாத 230 கேள்விகள் வரை பட்டியலாகும். குறியிடாத கேள்விக்கு எழுத்தில் பதில், அது அப்படியே தளத்தில் ஏறும். உங்கள் எம்.பி. எத்தனை கேட்டார் என்ற எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள், அதை ஏற்றிக் காட்டுவது சுலபம். ஒரே விஷயத்தை அடுத்த கூட்டத்தொடரிலும் விடாமல் கேட்டிருக்கிறாரா என்று பாருங்கள்.

கரிசல்காடு எழுதியது:

தேர்தல் அறிக்கைக்கு வருவோம். எழுதிக் கொடுத்துவிட்டுச் செய்யாமல் போனால் வழக்குப் போட முடியாதா? இன்னொன்று, வேட்பாளர் சொத்துக் கணக்கு.

சட்டமேசை எழுதியது:

தேர்தல் அறிக்கைக்குச் சுருக்கமான பதில்: முடியாது. சுப்ரமணியம் பாலாஜி எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் 2013 ஜூலை 5 அன்று உச்ச நீதிமன்றம், தேர்தல் அறிக்கை வாக்குறுதி மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123ஆம் பிரிவின்படி முறைகேடு ஆகாது என்றது. கூடவே நெறிமுறை வகுக்கத் தேர்தல் ஆணையத்துக்கு உத்தரவிட்டது. அதன்படி, வாக்குறுதிக்கான காரணத்தையும் பணம் வரும் வழியையும் அறிக்கை பொதுவாகச் சுட்ட வேண்டும் என்று நடத்தை விதிகளில் சேர்ந்தது. நடத்தை விதிகளுக்குச் சட்ட பலம் கிடையாது. இருந்தாலும் தேர்தல் நேரத்தில் "பணம் வரும் வழி எந்தப் பக்கத்தில் இருக்கிறது" என்று கேட்க உங்களுக்கு ஆதாரம் இருக்கிறது.

சொத்துக் கணக்கு வேறு விஷயம், அதில் பல் இருக்கிறது. படிவம் 26இல் கொடுக்கும் பிரமாணப் பத்திரம். நிலுவைக் குற்ற வழக்குகள், தண்டனைகள், வேட்பாளர், துணைவர், சார்ந்திருப்போர் சொத்து, கடன், அரசுக்குப் பாக்கி, கடந்த ஐந்தாண்டு வருமான வரிக் கணக்கில் காட்டிய வருமானம், வருமானத்தின் மூலம், அரசு ஒப்பந்தங்கள், கல்வி. தேர்தல் ஆணையத் தளத்தில் யாரும் இறக்கிப் பார்க்கலாம். 2002, 2003இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளால் வந்த உரிமை இது, கட்சிகள் தானாகக் கொடுத்ததில்லை.

பார்க்கும் முறை: ஒரே ஆளின் முந்தைய தேர்தல் பத்திரத்தையும் எடுங்கள். சொத்து கூடிய தொகையை, ஐந்தாண்டு வருமானத்தின் கூட்டுத்தொகையோடு வையுங்கள். நிலத்தின் விலையேற்றத்தைக் கழித்துவிட வேண்டும், இல்லையென்றால் நீங்களே பொய் சொன்னவராவீர்கள். அதற்காகவே படிவத்தில் வாங்கிய தேதி, வாங்கிய விலை, இன்றைய மதிப்பு மூன்றும் தனித்தனியாக இருக்கின்றன. சர்வே எண் இருந்தால் பதிவுத்துறைத் தளத்தில் வில்லங்கச் சான்றும் வழிகாட்டி மதிப்பும் பார்க்கலாம். பெரிய ஓட்டை "சார்ந்திருப்போர்" என்ற சொல். தனி வருமானம் உள்ள மகன், மகள், மருமகன் இதில் வரமாட்டார்கள்.

பொய் என்று தெரிந்தால்? கட்டத்தை வெறுமையாக விட்டால், நினைவூட்டிய பிறகும் நிரப்பாவிட்டால் வேட்புமனுவைத் தள்ளலாம் என்று 2013இல் தீர்ப்பு வந்தது. ஆனால் தவறாக நிரப்பினால் தேர்தல் அதிகாரி தள்ளமாட்டார். அது பலருக்குத் தெரிவதில்லை, ஆட்சியர் அலுவலகத்துக்கு மனு எழுதி நாளைப் போக்குகிறார்கள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 125அ பிரிவின்கீழ் குற்றவியல் நீதிமன்றத்தில் தனிப்புகார் தர வேண்டும். தண்டனை ஆறு மாதச் சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். வென்றவருக்கு எதிராகத் தேர்தல் மனு என்றால் உயர் நீதிமன்றத்தில், வெற்றி அறிவித்த நாளிலிருந்து 45 நாளுக்குள். அந்தத் தொகுதி வாக்காளர் எவரும் போடலாம். 46ஆம் நாள் எவ்வளவு நல்ல சான்று கிடைத்தாலும் பயன் இல்லை. ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று 86ஆம் பிரிவு சொல்கிறது, ஆனால் பதவிக்காலமே முடிந்த பிறகு தீர்ப்பு வந்த வழக்குகள் உண்டு. இந்த ஒரு காலதாமதம் மற்ற எல்லாச் சட்டத்தையும் தண்ணீரில் கரைத்துவிடுகிறது என்பது என் கருத்து.

நோட்டீஸ் பொய்களுக்கு: அதே சட்டத்தின் 127அ பிரிவின்படி அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். இல்லாத நோட்டீஸ் கைக்கு வந்தால் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று வாதாடவே வேண்டாம், அதுவே குற்றம்.

நெய்தல் எழுதியது:

சரி, டிவி விவாதத்துக்கு யாரும் வரவில்லையே. பெரும்பாலானவர்களுக்கு அரசியல் என்றால் அதுதான்.

தராசுமுள் எழுதியது:

அதன் அமைப்பிலேயே பதில் வரமுடியாது. விளம்பரம் போக 45 நிமிடம் என்று வையுங்கள். ஆறு விருந்தினர், ஒரு நெறியாளர். சமமாகப் பிரித்தாலே ஆளுக்கு ஆறரை நிமிடம்கூட இல்லை, அதிலும் பாதி குறுக்கீடு. பட்ஜெட் எண்ணை விளக்க இரண்டு நிமிடம் வேண்டும், "உங்கள் ஆட்சியில் மட்டும் என்ன கிழித்தீர்கள்" என்று கேட்க மூன்று நொடி போதும். ஆக எப்போதும் மூன்று நொடி ஜெயிக்கும். தலைப்பும் கவனிக்க வேண்டியது. "அரசு தோற்றதா? எதிர்க்கட்சி அரசியல் செய்கிறதா?" என்று வைத்தால் அதற்கு எந்த ஆவணத்திலும் விடை கிடையாது. "மழைநீர் வடிகாலில் பணி ஆணை கொடுத்த நீளம் எவ்வளவு, முடிந்தது எவ்வளவு?" என்று வைத்தால் துறை ஆள் ஒருவரும் ஒப்பந்த விவரம் தெரிந்த ஒருவரும் போதும், ஆறு பேர் தேவையில்லை.

நெறியாளர் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஒருவர் எண் சொன்னால் உடனே "எந்த ஆண்டு, மதிப்பீடா கணக்கா, எந்த ஆவணம்" என்று கேட்டுவிட்டு அடுத்தவரிடம் போக வேண்டும். பதில் வராவிட்டால் அந்த எண்ணை நிகழ்ச்சி முடியும்வரை யாரும் பயன்படுத்தக் கூடாது. இதைச் செய்யும் நெறியாளர்கள் தமிழிலும் இருக்கிறார்கள், அவர்களைப் பார்ப்போர் எண்ணிக்கை கூடினால்தான் மற்றவர்கள் மாறுவார்கள்.

அப்பட்டமான பொய்யோ வெறுப்புப் பேச்சோ ஒளிபரப்பானால் புகார் தரலாம். சேனல் பெயர், தேதி, நேரம், சொன்ன வாக்கியம் நான்கும் வேண்டும். முதலில் சேனலுக்கு எழுத வேண்டும். 2021 கேபிள் டிவி விதித் திருத்தப்படி 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும், திருப்தி இல்லையென்றால் அடுத்த 15 நாளில் அந்தச் சேனல் உறுப்பினராக இருக்கும் சுயகட்டுப்பாட்டு அமைப்புக்குப் போகலாம். செய்திச் சேனல்களின் அமைப்பு ஒன்றில் ஒளிபரப்பான ஏழு நாளுக்குள் புகார் போக வேண்டும் என்று இருப்பதால், அன்றைக்கே எழுதிவிடுங்கள். "உங்கள் விவாதம் மோசம்" என்று எழுதினால் குப்பைக்குப் போகும்.

கரிசல்காடு எழுதியது:

மிகவும் நன்றி. கடைசியாக ஒன்று. இதில் எதுவும் தளத்தில் கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டம்தானே? அதில் பலருக்கு "தகவல் இல்லை" என்றே பதில் வருகிறது.

சட்டமேசை எழுதியது:

பெரும்பாலும் கேட்ட விதத்தில் கோளாறு. "ஏன் இன்னும் பாலம் கட்டவில்லை?" என்றால் அது விளக்கம் கேட்பது, பதிவில் இருப்பதைத்தான் அவர்கள் தர வேண்டும். இப்படிக் கேளுங்கள்: "இன்ன ஊர் பாலம் தொடர்பான நிர்வாக ஒப்புதல் அரசாணையின் நகல், பணி ஆணையின் நகல், இன்ன தேதி வரை ஒப்பந்ததாரருக்கு வழங்கிய பட்டியல் (பில்) தொகைகளின் விவரம்." ஒரு மனுவில் ஒரு பணி, மூன்று நான்கு ஆவணம், அதற்கு மேல் வேண்டாம். கட்டணம் 10 ரூபாய், தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டலாம். அலுவலகம் தவறாகப் போனாலும் 6(3) பிரிவின்படி ஐந்து நாளுக்குள் சரியான இடத்துக்கு மாற்றுவது அவர்கள் வேலை. 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, பிறகு 90 நாளுக்குள் ஆணையத்துக்கு இரண்டாவது. விரைவுத் தபாலில் அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள்.

ஏட்டுக்கணக்கு எழுதியது:

சட்டமேசை சொன்ன மாதிரி மனுவில் "பட்டியல் தொகை" என்பதோடு "அளவுப் புத்தகத்தின் நகல்" என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். பொறியாளர் இடத்துக்குப் போய் அளந்து எழுதும் பதிவு அது. எத்தனை மீட்டர், எத்தனை கன மீட்டர், எந்தத் தேதி என்று இருக்கும். பணம் போனதா என்று பட்டியல் சொல்லும், கான்கிரீட் விழுந்ததா என்று அளவுப் புத்தகம் சொல்லும். அதை எடுத்துக்கொண்டு பாலத்துக்கு நேரில் போய் ஒரு டேப்பைப் பிடித்துப் பார்க்கலாம்.